எம்.சி. நம்பர் வருவதற்கு முன்: பெங்களூரில் விவாகரத்துக்கு வக்கீல் வைப்பது

என் சித்தி மகளின் முதல் வக்கீல் வாட்ஸ்அப்பில் அனுப்பிய மனு வரைவை அவளோடு உட்கார்ந்து நானும் படித்தேன். மூன்றாம் பக்கத்தில் அவளுடைய ஆறு வயது மகள், நாலு வயது மகனாகியிருந்தாள். ஐந்தாம் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் கார் கேட்டுக் கொடுமைப்படுத்தியதாக ஒரு பத்தி. அந்த வீட்டில் யாரும் யாரிடமும் கார் கேட்டதில்லை. அவர்களுக்குள் இருந்த சிக்கலே வேறு. யாருக்கோ எழுதிய மனுவில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். போன் போட்டுக் கேட்டால், "அதெல்லாம் ஃபார்மட்தாம்மா. ஜட்ஜ் அவ்வளவா படிக்க மாட்டாங்க. கோர்ட்ல நான் ஆர்கியூ பண்ணிக்கிறேன்" என்றார்.

அவர் சொன்னதில் இரண்டு தப்பு. ஜட்ஜ் படிப்பார். அவர் மேலோட்டமாகப் பார்த்தாலும் எதிர்த்தரப்பு வக்கீல் வரி வரியாகப் படிப்பார். குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே அந்தக் காரைப் பற்றித்தான் வரும். இரண்டாவது தப்பு இன்னும் பெரியது. குடும்ப நீதிமன்றத்தில் 'நான் ஆர்கியூ பண்ணிக்கிறேன்' என்று எந்த வக்கீலும் உரிமையோடு சொல்லிவிட முடியாது.

1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 13ஆம் பிரிவைப் பலரும் கேள்விப்பட்டதே இல்லை. இந்த நீதிமன்றத்துக்கு வரும் யாரும் வக்கீல் வைத்துக்கொள்வதை உரிமையாகக் கோர முடியாது என்கிறது அது. கோர்ட் அனுமதித்தால் வைத்துக்கொள்ளலாம். தேவைப்பட்டால் சட்டம் தெரிந்த ஒருவரைக் கோர்ட்டே துணைக்கு அழைத்துக்கொள்ளலாம். இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. குடும்பத் தகராறுகளை நிலத் தகராறு மாதிரி நடத்தக் கூடாது, முதலில் சமரசத்துக்கு முயல வேண்டும் என்று சட்ட ஆணையம் 1974இல் தன் 59ஆவது அறிக்கையில் சொன்னது. பத்து வருஷம் கழித்து வந்த சட்டத்தில் அந்த எண்ணம்தான் 9ஆம் பிரிவாகவும் 13ஆம் பிரிவாகவும் உட்கார்ந்திருக்கிறது. சமரச முயற்சி கோர்ட்டின் கடமை. வக்கீல் ஒரு அடி பின்னால்.

நடைமுறையில் பெங்களூரில் வக்காலத்தோடு சேர்த்து அனுமதி கேட்டு ஒரு சின்ன மனுவும் போடுவார்கள், பெரும்பாலும் கிடைத்துவிடும். ஆனால் குடும்ப நீதிமன்றம் நடக்கும், சித்தய்யா ரோட்டில் இருக்கும் நியாய தேகுலா கட்டடத்துக்குள் ஒரு நாள் போய் உட்கார்ந்து பார்த்தால் அந்தச் சட்டத்தின் வாசனை இன்னும் அடிப்பது தெரியும். கூப்பிட்டதும் ஜட்ஜ் பார்ப்பது உங்களை. "எத்தனை வருஷமா தனியா இருக்கீங்க? குழந்தை யார்கிட்ட இருக்கு?" என்று கேட்பது உங்களிடம். அப்புறம் மீடியேஷனுக்கு அனுப்புவார்கள். 2007இல் தொடங்கிய பெங்களூரு மீடியேஷன் சென்டரும் அதே கட்டடத்தில்தான். அங்கே மேஜைக்கு எதிரே உட்கார்ந்து பேசவேண்டியவர்கள் கணவனும் மனைவியும்தான். வக்கீலின் கணீர்க் குரலுக்கு அங்கே பெரிய வேலை இல்லை.

அப்படியானால் வக்கீல் எதற்கு? எழுதுவதற்கு. மனு, எதிர்மனு, இடைக்கால ஜீவனாம்ச மனு, சொத்து விவரப் பிரமாணப் பத்திரம், சமரச ஒப்பந்தம்: குடும்ப நீதிமன்றத்தில் ஒரு கேஸ் நிற்பதும் விழுவதும் இந்தக் காகிதங்களில்தான். "பெரிய கிரிமினல் லாயராம், சத்தம் போட்டாருன்னா கோர்ட்டே ஆடிப்போகும்" என்று யாராவது சிபாரிசு செய்தால், அவர் கடைசியாக எழுதிய ஜீவனாம்ச மனு எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

வக்கீலைத் தேடுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது: கேஸ் எந்த ஊரில்? பெங்களூர்த் தமிழர்களுக்கு இது மற்றவர்களைவிட அதிகம் குழப்பும். கல்யாணம் சேலத்தில் நடந்திருக்கும். குடித்தனம் எலெக்ட்ரானிக் சிட்டியில். சண்டைக்குப் பிறகு பெண் வேலூரில் அம்மா வீட்டில். பையன் வாடகை குறைவென்று ஓசூருக்கு மாறியிருப்பான். 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி கல்யாணம் நடந்த ஊர், எதிர்த்தரப்பு வசிக்கும் ஊர், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர் ஆகிய மூன்றில் எங்கும் மனு போடலாம். 2003 திருத்தத்துக்குப் பிறகு, மனு போடுவது மனைவி என்றால் அவர் இப்போது வசிக்கும் ஊரிலும் போடலாம். ஆக, இந்த ஒரு தம்பதிக்கு நாலு ஊர்.

ஓசூர் என்றால் பெங்களூரின் இன்னொரு பேட்டை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அத்திப்பள்ளி தாண்டினால் மாநிலமே வேறு, உயர் நீதிமன்றமே வேறு. அவர் பெங்களூரில் போட, இவர் வேலூரில் போட, இரண்டு கேஸும் தனித்தனியாக ஓட ஆரம்பித்தால் ஒன்றாகச் சேர்ப்பதற்கு வழி ஒன்றுதான். மாநிலம் விட்டு மாநிலம் வழக்கை மாற்ற சிவில் நடைமுறைச் சட்டத்தின் 25ஆம் பிரிவில் உச்ச நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அதற்கு டெல்லியில் ஒரு வக்கீல், தனி ஃபீஸ், சில மாதங்கள். பெரும்பாலும் மனைவியின் வசதி, குழந்தையின் வயது, பயணத் தூரம் இவற்றைப் பார்த்துத்தான் உச்ச நீதிமன்றம் முடிவு செய்யும். ஆகவே முதல் சந்திப்பிலேயே ஒரு வக்கீல் "எங்கே போட்டா உங்களுக்கு நல்லது" என்று பேசாமல் நேரே "வக்காலத்துல கையெழுத்து போடுங்க" என்று ஆரம்பித்தால், எழுந்து வந்துவிடலாம்.

ஊர் மாறினால் பேச்சும் மாறும். தமிழ்நாட்டுக் கோர்ட்டுகளில் 'எச்.எம்.ஓ.பி.' என்பார்கள். பெங்களூரில் விவாகரத்து மனு 'எம்.சி.' என்ற எண்ணோடு பதிவாகும்; குமாஸ்தாவிலிருந்து டீக்கடைக்காரர் வரை "எம்.சி. நம்பர் என்ன?" என்றுதான் கேட்பார்கள். குழந்தையின் காப்பாளர் வழக்கு 'ஜி அண்ட் டபிள்யூ.சி.' மனு ஆங்கிலத்தில் இருந்தாலும், ஜட்ஜ் கேட்கும் கேள்வி கன்னடத்தில் வரும். பத்து வருஷமாக இந்த ஊரில் இருந்தும் 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி'யோடு கன்னடம் முடிந்துபோன நம் ஆட்களுக்கு அங்கேதான் தொண்டை வறளும். தமிழில்தான் சாட்சி சொல்ல முடியும் என்றால் அதை வக்கீலிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அல்சூர், ஸ்ரீராமபுரம், சிவாஜிநகர் பக்கம் வளர்ந்து, தமிழும் கன்னடமும் ஒரே மூச்சில் பேசுகிற வக்கீல்கள் இந்த ஊரில் நிறைய. அது ஒரு பெரிய வசதி, ஆனால் 'நம்ம ஆளு' என்பது மட்டுமே தகுதி ஆகிவிடாது. கார் கேட்டதாக எழுதியவரும் நம்ம ஆளுதான்.

ஆளை எங்கே தேடுவது? இணையத்தில் 'பெங்களூரின் டாப் 10 விவாகரத்து வக்கீல்கள்' என்று தேடினால் பட்டியல் கொட்டும். இந்தியாவில் வக்கீல்கள் விளம்பரம் செய்வதையும் ஆள் பிடிப்பதையும் பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. 2008 திருத்தத்துக்குப் பிறகு சொந்த இணையதளத்தில் பெயர், முகவரி, பதிவு எண், எந்தத் துறை என்பது போன்ற சில தகவல்களை மட்டும் போடலாம். வக்கீல்களை வரிசைப்படுத்தி ஆள் பிடித்துக் கொடுக்கும் தளங்கள் விஷயத்தில் நடவடிக்கை எடுக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. ஆக, அந்த ஐந்து நட்சத்திரங்களை நம்பி இறங்க வேண்டாம்.

அதைவிட உருப்படியான வழி இருக்கிறது. பதிவு எண்ணைக் கேளுங்கள். 'கே.ஏ.ஆர்.' என்று தொடங்கினால் கர்நாடகப் பார் கவுன்சில், 'எம்.எஸ்.' என்றால் தமிழ்நாடு. கடைசியில் இருக்கும் வருஷம் அவர் எப்போது பதிவு செய்தார் என்று சொல்லிவிடும். அப்புறம் இ-கோர்ட்ஸ் தளத்தில் பெங்களூர்க் கோர்ட்டுகளைத் தேர்ந்தெடுத்து வக்கீல் பெயரைப் போட்டுத் தேடலாம். அவர் கையில் குடும்ப வழக்குகள் இருக்கின்றனவா, அல்லது செக் பவுன்ஸ் கேஸுக்கு நடுவில் உங்களுடையது ஒன்றா என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். தமிழ்நாட்டு வக்கீல் பெங்களூரில் ஆஜராகச் சட்டத் தடை இல்லை. வழக்கறிஞர் சட்டத்தின் 30ஆம் பிரிவு 2011இல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து நாடு முழுக்கத் தொழில் செய்யலாம். ஆனால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் சேலத்திலிருந்து அவர் ரயில் ஏறும் செலவு உங்கள் தலையில்தான் விடியும்.

ஃபீஸ் பேச்சு. நம் ஊரில் வக்கீலிடமும் டாக்டரிடமும் காசு பேசுவது மரியாதைக் குறைவு என்று ஒரு எண்ணம் இருக்கிறது. "மொத்தமா எவ்வளவு ஆகும் சார்?" என்று கேட்டால் "அதெல்லாம் பார்த்துக்கலாம்மா" என்று பதில் வரும். இந்தப் 'பார்த்துக்கலாம்' போல விலை கூடிய சொல் கோர்ட்டு வட்டாரத்தில் இல்லை. கட்டணத்துக்கு அரசு விலைப்பட்டியல் கிடையாது. ஒருவர் மொத்தத் தொகை கேட்பார், ஒருவர் கட்டம் கட்டமாக, ஒருவர் வாய்தாவுக்கு இவ்வளவு என்று. மூன்றுமே நியாயம்தான். கேட்க வேண்டியது எதெல்லாம் அதில் அடங்கும் என்பது. இடைக்கால மனு சேர்த்தியா? எதிர்த்தரப்பு தனியாகக் குழந்தை கஸ்டடி கேஸ் போட்டால் அது தனி ஃபீஸா? மொழிபெயர்ப்பு, டைப்பிங், குமாஸ்தா படி? வக்கீல் வராமல் ஜூனியரை அனுப்பும் நாளுக்கும் அதே தொகையா? இவற்றை ஒரு மெசேஜில் எழுதி அனுப்பி, "சரி" என்று ஒரு பதில் வாங்கிவிட்டால் போதும். பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். வரப்போகும் ஜீவனாம்சத்தில் இத்தனை சதவீதம் என்று யாராவது பேசினால், அது பார் கவுன்சில் விதிப்படி கூடாத காரியம்.

வக்காலத்து ஒரு பக்கத் தாள்தான். ஆனால் அதில் அச்சடித்திருக்கும் பொடி எழுத்தில் சமரசம் செய்துகொள்ளும் அதிகாரம், கேஸை வாபஸ் வாங்கும் அதிகாரம், உங்கள் சார்பில் பணம் பெற்றுக்கொள்ளும் அதிகாரம் எல்லாம் வரிசையாக இருக்கும். பணம் பெறும் வரியை அடித்துவிடச் சொல்லலாம், தப்பே இல்லை. வெற்றுத் தாளிலோ வெற்று ஸ்டாம்ப் பேப்பரிலோ "அவசரத்துக்கு இருக்கட்டும்" என்று கையெழுத்து கேட்டால் மட்டும் பேனாவைப் பைக்குள் வைத்துவிடுங்கள். கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து ஒரே வக்கீல் என்று சொந்தக்காரர்கள் யோசனை சொல்வார்கள், செலவு மிச்சமாம். பரஸ்பர சம்மதம் என்றாலும் ஒப்பந்தத்தைக் கூட்டி எழுதுவது ஒருவர் என்றால், கையெழுத்துக்கு முன் இன்னொருவர் தன் பக்கத்துக்கு ஒரு வக்கீலிடம் அதைக் காட்டிவிடுவது நல்லது.

இனி குழந்தைக்கு வரும் பணம். அமெரிக்காவில் இருக்கும் அண்ணன்மார்கள் போனில் சொல்வதைக் கேட்டு, இங்கேயும் குழந்தைக்கு ஒரு கணக்குச் சூத்திரம் இருக்கிறது, சம்பளத்தைப் போட்டால் தொகை வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். இங்கே அப்படிக் கிடையாது. குழந்தைக்கான பராமரிப்பு நாலைந்து சட்டங்களில் சிதறிக் கிடக்கிறது. விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்தால் இந்துத் திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவு. விவாகரத்தே கேட்காமல் பணம் மட்டும் வேண்டும் என்றால் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு, எந்த மதத்தவருக்கும் பொருந்தும். இந்துக்களுக்கு 1956ஆம் ஆண்டுத் தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவும் உண்டு. வீட்டில் வன்முறை இருந்தால் 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம். கிறிஸ்தவர்களுக்கு 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம் தனி. இவற்றில் எதை எடுப்பது என்று சொல்லத்தான் வக்கீல் வேண்டும்.

'சம்பளத்தில் 25 சதவீதம்' என்று ஒரு கணக்கு ஊரெல்லாம் உலவுகிறது. 2017இல் ஒரு வழக்கில், கையில் வரும் சம்பளத்தில் 25 சதவீதம் மனைவிக்கு நியாயமாக இருக்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் அது எல்லோருக்கும் போட்ட விதி இல்லை. 2020 நவம்பர் 4ஆம் தேதி ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில், அச்சில் வார்த்த மாதிரி ஒரே தொகை சொல்ல முடியாது என்று அதே நீதிமன்றம் விளக்கமாகவே எழுதிவிட்டது. எந்தச் சட்டத்தில் ஜீவனாம்சம் கேட்டாலும் இன்று வழிகாட்டி இந்தத் தீர்ப்புதான். இருவரும் தங்கள் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் குறிப்பிட்ட படிவத்தில் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். கேட்பவரும்தான், கொடுப்பவரும்தான். தனியார் வேலை என்றால் ஃபார்ம் 16, எல்லா வங்கிக் கணக்குகளுக்கும் கடைசி மூன்று வருஷ ஸ்டேட்மென்ட், பி.எஃப்., பங்கு, மியூச்சுவல் ஃபண்ட், வீட்டுக் கடன், குழந்தையின் பள்ளிச் செலவு வரை. எதிர்த்தரப்புக்கு அதிகபட்சம் நாலு வாரம். இழுத்தடிக்க இரண்டு வாய்ப்புக்கு மேல் கிடையாது. ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்து கணக்கு. எழுத்தில் இவ்வளவு இருந்தும் கீழ்க் கோர்ட்டுகளில் இது சரியாக நடப்பதில்லை என்று 2023இல் உச்ச நீதிமன்றமே அலுத்துக்கொண்டது.

இந்தப் பிரமாணப் பத்திரத்தை ஒரு வக்கீல் எப்படி நிரப்புகிறார் என்பதில்தான் அவருடைய தரம் தெரியும். பெங்களூர் ஐ.டி. சம்பளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சம்பளச் சீட்டில் தெரிவது ஒரு பங்கு. வருஷத்துக்கு ஒரு முறை வரும் போனஸ், கம்பெனி தரும் ஆர்.எஸ்.யூ. பங்குகள், சொந்த ஊரில் அப்பா பெயரில் இருந்து கைக்கு வரும் வாடகை, இவை சீட்டில் வராது. "சார் சம்பளம் ஒண்ணேகால் லட்சம்" என்று மட்டும் எழுதுகிற வக்கீல் அங்கேயே பாதியை விட்டுவிட்டார். கொடுப்பவர் பக்கத்து வக்கீலுக்கும் வேலை இருக்கிறது: ஊரில் இருக்கும் பெற்றோரின் மருந்துச் செலவு, இ.எம்.ஐ., தங்கைக்கு எடுத்த கடன். இவற்றை ரசீதோடு காட்டினால்தான் கணக்கில் சேரும். பொய் எழுதினால் அது தனியாகக் குற்றம்.

குழந்தையின் பக்கத்தில் செலவுக் கணக்கு எழுதுவதிலும் ஒரு கை வேண்டும். 'மாதம் 40,000 தேவை' என்று ஒற்றை வரியில் எழுதுவது வீண். என் சித்தி மகளின் இரண்டாவது வக்கீல் (அவரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்) அவளிடம் கேட்டது இது: பள்ளிக் கட்டணம் வருஷத்துக்கு எத்தனை தவணை, வேன், டே கேர், பல் டாக்டர், பரதநாட்டிய வகுப்பு, ஷூ வருஷத்துக்கு எத்தனை ஜோடி. "ஷூவா?" என்று அவள் சிரித்தாள். "வளர்ற பிள்ளை மேடம், ரெண்டு ஜோடியாவது ஆகும். எழுதுங்க" என்றார். நாலு தாள் ஆனது. எதிர்த்தரப்பு ஒவ்வொரு வரியாக மறுக்க வேண்டியிருந்தது. ஷூவை யாரும் மறுக்கவில்லை.

இருவரும் சம்பாதித்தால்? இந்த ஊரில் பாதிக் கேஸ் அப்படித்தான். அம்மா சம்பாதிக்கிறார் என்பதால் அப்பா கைகழுவ முடியாது. அதே சமயம் முழுச் சுமையும் அப்பா மேல் என்றும் இல்லை. 2000ஆம் ஆண்டு பத்மஜா சர்மா வழக்கில் அப்பாவின் வருமானம் அம்மாவுடையதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்ததால், குழந்தைகளின் செலவை இரண்டுக்கு ஒன்று என்று உச்ச நீதிமன்றம் பிரித்தது. எத்தனை வயது வரை என்பதிலும் கவனம் வேண்டும். 144ஆம் பிரிவில் பொதுவாகப் 18 வயதோடு நின்றுவிடும். கல்யாணம் ஆகாத, சொந்தமாகப் பிழைக்க வழியில்லாத மகளுக்கு 1956 சட்டம் அதற்கு மேலும் கொடுக்கிறது. மகனின் காலேஜ் ஃபீஸ்தான் பலர் வீட்டில் தொங்கலில் நிற்கிறது. அதை சமரச ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுவது புத்திசாலித்தனம்.

ஒப்பந்தம் என்றதும் பரஸ்பர சம்மதம் பற்றி. இந்துத் திருமணச் சட்டத்தில் 1976இல் சேர்த்த 13பி பிரிவு. ஒரு வருஷம் பிரிந்திருக்க வேண்டும், மனு போட்டு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். 2017இல் அமர்தீப் சிங் வழக்குக்குப் பிறகு, ஏற்கெனவே ஒன்றரை வருஷம் பிரிந்திருந்து, சமரசம் தோற்று, பணம், குழந்தை எல்லாம் பேசி முடித்திருந்தால் அந்த ஆறு மாதத்தைக் கோர்ட் தள்ளுபடி செய்யலாம். "எந்தக் கேஸா இருந்தாலும் மூணு மாசத்துல முடிச்சுத் தர்றேன்" என்று சொல்பவர் இந்த நிபந்தனைகளைச் சொல்லாமல் விட்டால், அது சந்தையில் விற்கிற பேச்சு. இன்னொரு வாக்குறுதியும் கேட்கலாம்: "உறவு முறிஞ்சு போச்சுன்னு சொல்லி வாங்கிடலாம்." மீள முடியாத முறிவு என்பதை மட்டும் வைத்து விவாகரத்து கொடுப்பது அரசியல் சாசனத்தின் 142ஆம் பிரிவில் உச்ச நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம், 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது. நியாய தேகுலாவில் அந்த அதிகாரம் இல்லை.

ஒப்பந்தத்தில் இரண்டு இடம் அடிக்கடி ஓட்டையாகிறது. ஒன்று, ஒயிட்ஃபீல்டில் இருவர் பெயரிலும் வாங்கிய ஃபிளாட். 'வீடு கணவருக்கு, கடனும் அவரே கட்டுவார்' என்று எழுதிவிட்டுப் பிரிவார்கள். வங்கி அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. அவர் மூன்று மாதம் கட்டாவிட்டால் போன் வருவது மனைவிக்கு, கிரெடிட் ஸ்கோர் விழுவதும் அவருக்கு. கடனை ஒருவர் பெயருக்கு மாற்றி, வங்கி அதை ஏற்ற பிறகு இறுதிக் கையெழுத்து என்று வரிசைப்படுத்துகிற வக்கீல் விவரமானவர். இரண்டு, 'குழந்தைக்காக இனி எதுவும் கேட்கமாட்டேன்' என்று அம்மாவிடம் எழுதி வாங்குவது. குழந்தையின் உரிமையை அம்மா விட்டுக்கொடுக்க முடியாது. 2019இல் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அப்பா பக்கத்து வக்கீல் அந்த வரியைக் காட்டி "இனி தொல்லை இல்ல சார்" என்று சொன்னால், அவர் தன் கட்சிக்காரரையே ஏமாற்றுகிறார்.

எல்லாக் கேஸையும் ஒரே நேரத்தில் போடச் சொல்லும் வக்கீல்கள் ஒரு ரகம். வரதட்சணைக் கொடுமை, குடும்ப வன்முறை, 144, விவாகரத்து, கஸ்டடி என்று ஐந்து ஊரில் ஐந்து கேஸ். உண்மையில் அடிபட்ட பெண்ணுக்கு 2005 சட்டம் உயிர் காக்கும் வழி, அதில் வீட்டில் தங்கும் உரிமையே கேட்கலாம். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஐந்து கேஸ் போட்டால் ஐந்து ஜீவனாம்சம் வராது. முன்பு எங்கே என்ன கேட்டீர்கள், என்ன கிடைத்தது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும், ஒன்றில் கிடைப்பதை இன்னொன்றில் கழித்துக்கொள்ளலாம் என்றும் அந்த 2020 தீர்ப்பே சொல்கிறது. ஐந்து மடங்காவது வக்கீல் ஃபீஸ் மட்டும்தான்.

சாட்சியம் பற்றி ஒரு தமிழ்க் கவலை. நம் சண்டையெல்லாம் வாட்ஸ்அப்பில், தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தது. 'நீ' என்றதை 'நீங்கள்' என்று மொழிபெயர்த்தால் கோபம் காணாமல் போய்விடும். கோர்ட்டுக்கு ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டும், மின்னணுப் பதிவுக்கு பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றும் இணைக்க வேண்டும். போனை மாற்றாமல், சாட்டை அழிக்காமல் வைத்திருங்கள். துணைவரின் பேச்சைத் தெரியாமல் பதிவு செய்ததும் திருமண வழக்கில் சாட்சியமாக ஏற்கத்தக்கதே என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து, இரு பக்கமும் இதை எதிர்பார்த்தே பேசுகிறார்கள்.

உத்தரவு வந்துவிட்டது, பணம் வரவில்லை. இங்கேதான் நிறையப் பேர் வக்கீலைக் கைவிட்டுவிட்டு ஊர்ப் பெரியவர்களை நம்பிக்கொண்டு இருந்துவிடுவார்கள். 144இல் பாக்கியை வசூலிக்க, அது கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் மனு போட வேண்டும். பிடிவாரண்டும், கொடுக்காத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறையும் சட்டத்தில் உண்டு. சம்பளத்தை ஜப்தி செய்யவும் கேட்கலாம். பதினாலு மாதம் பொறுத்துவிட்டுப் போனால் முதல் இரண்டு மாதம் கையைவிட்டுப் போயிருக்கும்.

ஃபீஸ் கட்ட வழியில்லாதவர்களுக்கு: 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. தொலைபேசி எண் 15100. கர்நாடக மாநில ஆணையத்தின் அலுவலகமும் நியாய தேகுலாவில்தான்.

வக்கீல் சரியில்லை என்றால் மாற்றலாம். ஃபீஸ் பாக்கி என்று சொல்லிக் கோப்பைப் பிடித்து வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000இலேயே தீர்த்துவிட்டது. நுகர்வோர் நீதிமன்றத்துக்கு மட்டும் போக முடியாது. வக்கீல் தொழில் அந்தச் சட்டத்தில் வராது என்று 2024 மே 14 அன்று தீர்ப்பாகிவிட்டது. புகார் என்றால் மாநிலப் பார் கவுன்சில்தான்.

என் சித்தி மகள் புகார் எல்லாம் கொடுக்கவில்லை. கோப்பை வாங்கிக்கொண்டு வேறு ஒருவரிடம் போனாள். சின்ன ஆபீஸ், விவேக்நகர் பக்கம், மாடிப்படிக்குக் கீழே செருப்புகள். அந்த அம்மா இரண்டு மணி நேரம் கேட்டு எழுதினார். பத்து நாள் கழித்து இருபத்தி மூன்று பக்கம் பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்தார். "இப்ப கையெழுத்து வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுபோய் ராத்திரி நிதானமா படிங்க. தப்பு இருந்தா பென்சில்ல குறிச்சுக் கொண்டாங்க."

பதினோரு இடத்தில் பென்சில் விழுந்தது. கல்யாண மண்டபத்தின் பெயர், ஒரு தேதி, இரண்டு எழுத்துப் பிழை. ஏழாம் பக்கத்தில் 'கணவர் குழந்தையைக் கவனித்ததே இல்லை' என்று இருந்தது. அதை அவள் அடித்துவிட்டு ஓரத்தில் எழுதினாள்: 'சனிக்கிழமைகளில் நீச்சலுக்குக் கூட்டிப்போவார்.'